வயதானவர் உடம்பில் காயம், கூட வந்தவர் சொல்லும் காரணம்: மருத்துவப் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்க." முதியவரைக் கூட்டி வந்தவர் இப்படிச் சொன்னால் பத்தில் ஒன்பது தடவை அது உண்மையாகத்தான் இருக்கும். வயதானால் கால் தடுமாறும், எலும்பு லேசில் முறியும், தோல் காகிதம் மாதிரி கிழியும். சிக்கல் என்னவென்றால், அடித்த காயமும் இதே வாக்கியத்தோடுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. பட்டினி போட்டதால் வந்த மெலிவுக்கும் "வயசாயிடுச்சு, சாப்பிடவே மாட்டேங்கறாங்க" என்றுதான் விளக்கம் வரும்.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர், ஒரே ஆண்டுக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியோர் இல்லங்கள் போன்ற இடங்களில் நிலைமை இன்னும் மோசம். அப்படியென்றால் நீங்கள் இன்று ஓபியில் பார்த்தவர்களிலும் யாராவது இருந்திருப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைத் தவறவிடுவது அக்கறை இல்லாததால் இல்லை. "நிரூபிக்க முடியாததை எப்படிச் சொல்வது" என்ற தயக்கம்தான் காரணம். நிரூபிப்பது உங்கள் வேலையே இல்லை. நியாயமான சந்தேகம் வந்தால் போதும். அதைச் சரியாக எழுதி, சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னால் விசாரிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

எதையெல்லாம் கொடுமை என்பது

2002-இல் டொராண்டோவில் வெளியான பிரகடனத்தின் விளக்கத்தைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். நம்பிக்கை வைத்திருக்கும் உறவுக்குள், ஒரு செயலாலோ செய்ய வேண்டியதைச் செய்யாததாலோ முதியவருக்குத் தீங்கோ மனவேதனையோ ஏற்பட்டால் அது கொடுமை. ஒரு முறை நடந்தாலும் சேரும். அடிப்பது, கட்டி வைப்பது, மிரட்டுவது, அவமானப்படுத்துவது, பாலியல் அத்துமீறல், பணத்தையோ சொத்தையோ பறிப்பது, கவனிக்காமல் விடுவது, கைவிட்டுப் போவது எல்லாமே இதில் அடங்கும்.

இவற்றில் அடிக்கடி கண்ணில் படாமல் போவது கடைசி வகைகள்தான். அடி தெரியும், அலட்சியம் தெரியாது. தூங்க வைக்கும் மாத்திரையைத் தேவைக்கு மேல் கொடுத்து நாள் முழுக்க மயக்கத்தில் வைத்திருப்பதும் கட்டிப்போடுவது மாதிரிதான்.

முதலில் உடம்பைப் பாருங்கள், முழுதாகப் பாருங்கள்

இருமலுக்காக வந்தவரின் முதுகை ஸ்டெத் வைக்கும் அளவுக்கு மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவதுதான் வழக்கம். வயதானவர் என்றால் அந்த வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றி முதுகு, இடுப்பின் பின்பக்கம், குதிகால், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், வாய்க்குள் என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ரத்தக்கட்டு விஷயத்தில் நமக்குக் கைகொடுக்கும் ஆராய்ச்சி ஒன்று 2005-இல் வெளியானது. 65 வயதைத் தாண்டியவர்களைத் தினமும் பரிசோதித்து, தற்செயலாக வரும் ரத்தக்கட்டுகள் எங்கே வருகின்றன, எப்படி மாறுகின்றன என்று பதிவு செய்தார்கள். கிட்டத்தட்ட 90 சதவீதம் கை கால்களில்தான் இருந்தன. கழுத்து, காது, பிறப்புறுப்பு, பிட்டம், உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. ஆகவே அந்த இடங்களில் ஒன்றைப் பார்த்தால் நிதானியுங்கள். நிறத்தை வைத்து "இது நாலு நாள் பழசு" என்று சொல்லும் பழக்கத்தையும் அந்த ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. முதல் நாளே மஞ்சளாகத் தெரிந்த ரத்தக்கட்டுகளும் அதில் இருந்தன. எனவே நிறத்தை எழுதுங்கள், வயதைக் கணக்குப் போடாதீர்கள்.

அதே துறையில் 2009-இல் வந்த இன்னொரு ஆய்வு, அடிபட்டவர்களைப் பார்த்தது. அவர்களிடம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய ரத்தக்கட்டுகள் அதிகம். முகத்திலும், வலது கையின் வெளிப்பக்கத்திலும், முதுகிலும் அதிகம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: எப்படி வந்தது என்று கேட்டபோது பெரும்பாலானோர் சொல்லிவிட்டார்கள், மறதி உள்ளவர்கள் பலர் உட்பட. நாம்தான் கேட்பதில்லை.

ரத்தக்கட்டைத் தவிரப் பார்க்க வேண்டியவை: மேல்கையில் ஒரு பக்கம் கட்டைவிரல் அளவில் ஒன்று, மறுபக்கம் வரிசையாக மூன்று நான்கு என்று இருந்தால் யாரோ இறுக்கிப் பிடித்த தடம். மணிக்கட்டிலோ கணுக்காலிலோ வளையம் போலத் தேய்ந்திருந்தால் கட்டியிருக்கலாம். முன்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் காயம் என்றால், அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியிருக்கலாம். விழுபவர் பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றித்தான் விழுவார். தலையில் திட்டாக முடி பிய்ந்திருப்பது, சூடான தண்ணீரில் கையை அமிழ்த்தியது போலக் கோடு போட்டு நிற்கும் தீக்காயம் இவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

அலட்சியத்தின் அடையாளங்கள் இவ்வளவு பளிச்சென்று இருக்காது. நாற்றமடிக்கும் துணி, வளைந்து சதையில் குத்தும் கால் நகம், வாரக்கணக்கில் காயும் வாய், கண்ணாடியும் பல்செட்டும் காதுக்கருவியும் "வீட்டில் இருக்கு" என்று சொல்லப்படுவது. லேப் ரிப்போர்ட்டும் பேசும். ரத்தத்தில் சோடியம், யூரியா இரண்டும் ஏறி நீர்ச்சத்து வற்றியிருக்கலாம். தவறாமல் கொடுக்கிறோம் என்ற வலிப்பு மாத்திரையின் அளவு ரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லாமல் இருக்கலாம். யாரும் எழுதிக்கொடுக்காத தூக்க மருந்து சிறுநீரில் இருக்கலாம்.

அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள்

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கும் ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். முன்கையிலும் புறங்கையிலும் வரும் ஊதா நிறத் திட்டுகள் முதுமையில் சகஜம். நன்றாகக் கவனித்துக்கொள்ளும் வீட்டிலும் கடைசிக் காலத்தில் படுக்கைப்புண் வரும். உடல் இளைப்பது புற்றுநோயாலும் இருக்கலாம், மனச்சோர்வாலும் இருக்கலாம். பெண்களின் பிறப்புறுப்பில் வரும் சில தோல் நோய்கள் அத்துமீறல் நடந்தது போலவே தோற்றம் தரும். மறதி நோயில் "என் பணத்தைத் திருடிட்டாங்க" என்ற பிரமையும் வரும்.

ஆனால் கடைசியாகச் சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது. மறதி நோய் உள்ளவர்கள்தான் கொடுமைக்கு எளிதில் ஆளாகிறவர்கள், அவர்கள் பணம்தான் எளிதில் பறிபோவது. "இவங்க எப்பவும் இப்படித்தான் சொல்வாங்க" என்று வீட்டார் சொல்வதை அப்படியே கேஸ் ஷீட்டில் ஏற்றிவிட்டுக் கடந்துபோகாதீர்கள்.

ஒற்றை அடையாளத்தைவிட அடையாளங்கள் சேர்ந்து வருவதுதான் கணக்கு. காயத்துக்கும் சொன்ன காரணத்துக்கும் பொருத்தம் இல்லை, காயம்பட்டு மூன்று நாள் கழித்து வருகிறார்கள், ஒவ்வொரு தடவையும் வேறு ஆஸ்பத்திரி, காலையில் மகன் சொன்னதும் மாலையில் மருமகள் சொன்னதும் வேறு வேறு. படுக்கையைவிட்டு எழ முடியாதவர் மாடிப்படியில் விழுந்தார் என்றால் அவர் அங்கே எப்படிப் போனார்?

தனியாகப் பேசுவது

எனக்குத் தெரிந்து இந்த வேலையில் மிகவும் பலன் தரும் படியும், மிகவும் தவறவிடப்படும் படியும் இதுதான். கூட வந்தவர் முன்னால் கேட்டால் பதில் வராது. நீங்கள் "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்பீர்கள், அந்த அம்மா வாயைத் திறக்கும் முன் கூட வந்தவர் பதில் சொல்லிவிடுவார். அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது அந்த அம்மாவின் கண்கள் எங்கே போகின்றன என்பதை.

தனியாகப் பேச ஒரு காரணத்தை அன்றைக்கு அன்றைக்குத் தேடாதீர்கள். "எங்கள் வழக்கம், எல்லாரையும் ஒரு தடவை தனியாகப் பரிசோதிப்போம். ஐந்து நிமிடம் வெளியே உட்காருங்கள்" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லிப் பழகுங்கள். எல்லோருக்கும் பொது என்றால் யாருக்கும் உறுத்தாது. அந்த ஐந்து நிமிடத்துக்கும் வெளியே போக மறுத்தால் அதுவும் ஒரு தகவல். எழுதிவைக்கலாம். எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போகும் வழியிலோ, கழிப்பறைக்கு நர்ஸ் துணைக்குப் போகும்போதோ வாய்ப்பு தானாக வரும். மொழி தெரியாதவர் என்றால் வீட்டில் உள்ளவரை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், வெளியாளை ஏற்பாடு செய்யுங்கள்.

பேசும்போது உட்காருங்கள். காதுக்கருவி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பாதி "பதில் சொல்லவில்லை"கள் காது கேட்காததால் வருபவை. பொதுவாகத் தொடங்கி மெல்ல நெருங்குங்கள்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், குளிக்க, உடுத்த யார் உதவுகிறார்கள், பணம் யார் கையில் இருக்கிறது?

இதற்கென்று எளிய கேள்விப் பட்டியல்கள் உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட 'ஈசி' (EASI) என்ற பட்டியல் அவற்றில் பரவலானது. கடந்த 12 மாதங்களைப் பற்றி ஐந்து கேள்விகள் முதியவருக்கு: அன்றாட வேலைகளுக்கு யாரையாவது நம்பியிருக்கிறாரா, உணவு, மருந்து, கண்ணாடி, மருத்துவம், பிறரைச் சந்திப்பது இவற்றை யாராவது தடுத்தார்களா, அவமானமோ பயமோ வரும்படி யாராவது பேசினார்களா, விருப்பத்துக்கு மாறாகக் கையெழுத்து வாங்கவோ பணத்தை எடுக்கவோ முயன்றார்களா, பயமுறுத்தினார்களா, தகாத முறையில் தொட்டார்களா, அடித்தார்களா. ஆறாவது கேள்வி டாக்டருக்கு: கண்ணைப் பார்க்காமல் பேசுவது, ஒடுங்கிப்போயிருப்பது, மெலிவு, சுத்தமின்மை, காயம் போன்றவை தெரிகின்றனவா? முதல் கேள்வியை விட்டுவிட்டு மற்றவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலே மேலே விசாரிக்க வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள், நினைவாற்றல் ஓரளவு நன்றாக உள்ளவர்களை வைத்துச் சோதித்த பட்டியல் இது. மறதி முற்றியவரிடம் எல்லாவற்றுக்கும் 'இல்லை' வந்தால் அதை நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்கள் பாதுகாப்புக்குத் தேவை என்றால் சிலரிடம் மட்டும் சொல்ல வேண்டிவரும், உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்பதே நேர்மையான பேச்சு.

அப்புறம் கூட வந்தவரிடமும் தனியாகப் பேசுங்கள். விசாரணைக் குரலில் வேண்டாம். "ராத்திரியெல்லாம் தூங்க விடமாட்டாங்களோ? உங்களுக்கு ஒத்தாசைக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால், சிலர் உடைந்துபோய் "நேத்துக் கை நீட்டிட்டேன்" என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். வருடக்கணக்கில் ஒற்றை ஆளாகப் பார்த்துக் களைத்துப்போனவரும் இருக்கிறார், முதியவரின் ஓய்வூதியத்தில் குடித்துக்கொண்டிருப்பவரும் இருக்கிறார். இருவருக்கும் தேவைப்படும் நடவடிக்கை ஒன்றல்ல. ஆனால் களைப்பு காரணமாக இருந்தாலும் காயம் காயம்தான், பதிவு செய்யாமல் விடக் கூடாது. யாரையும் நேருக்கு நேர் குற்றம் சாட்டாதீர்கள். நீங்கள் டூட்டி முடிந்து போய்விடுவீர்கள், முதியவர் அவரோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கேஸ் ஷீட்டில் எழுதுவது

ஆறு மாதம் கழித்து இந்த விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால் உங்கள் நினைவு உதவாது, நீங்கள் எழுதியதுதான் உதவும். இரண்டு குறிப்புகளைப் பாருங்கள்.

ஒன்று: "பல இடங்களில் ரத்தக்கட்டு. மகன் அடித்ததாகக் குற்றம் சாட்டுகிறார். கொடுமை போலத் தெரிகிறது."

இன்னொன்று: "இடது மேல்கையின் உட்பக்கம், முழங்கைக்கு 8 செ.மீ. மேலே, 2 செ.மீ. வட்டமான ஊதா ரத்தக்கட்டு. வெளிப்பக்கம் 1.5 செ.மீ. அளவில் மூன்று, ஒரே வரிசையில். தனியாகக் கேட்டபோது நோயாளி சொன்னது: 'என் பையன் பிடிச்சு இழுத்தான், கையெழுத்துப் போடச் சொல்லி.' மகன் சொன்னது: 'கட்டிலில் இருந்து விழுந்தாங்க.' விழுந்ததால் இந்த அமைப்பில் காயம் வருவது பொருந்தவில்லை. மகன் உள்ளே வந்ததும் நோயாளி பேச்சை நிறுத்தினார். பரிசோதித்த நேரம் மாலை 4.20, நர்ஸ் உடனிருந்தார்."

முதலாவதில் உங்கள் கருத்து மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் பார்த்ததும் கேட்டதும் இருக்கின்றன. அவர் பேசிய சொற்களை அப்படியே மேற்கோளுக்குள் எழுதுங்கள், பேச்சுத் தமிழாக இருந்தாலும் திருத்த வேண்டாம். "குற்றம் சாட்டுகிறார்" என்று எழுதினால் நீங்கள் நம்பவில்லை என்று அர்த்தம் வரும், "சொன்னார்" போதும். உடல் வரைபடத்தில் குறியுங்கள். ஆஸ்பத்திரி விதியும் முதியவரின் சம்மதமும் இருந்தால், கட்டுப் போடும் முன்பே பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். சொந்த போனில் எடுக்காதீர்கள். ரத்தம் பட்ட துணி சாட்சியமாகலாம் என்றால் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

இன்றிரவு வீட்டுக்கு அனுப்பலாமா?

புகார் நாளைக்கு நகரும், முதியவர் இன்றைக்கே வீட்டுக்குப் போவார். அதனால் முதலில் இதைத் தீர்மானியுங்கள். கொல்வதாக மிரட்டல், கழுத்தை நெரித்த தடம், பாலியல் தாக்குதல், மருந்தும் சாப்பாடும் நிறுத்தப்பட்டிருப்பது, ஆயுதம் உள்ள வீடு இவற்றில் எதுவாயினும் டிஸ்சார்ஜ் போடாதீர்கள். நீர்ச்சத்துக் குறைவோ காயமோ மருத்துவக் காரணமாக அட்மிஷனுக்கு உதவும். சீனியரிடமும் சமூகப் பணியாளரிடமும் அன்றே பேசுங்கள். குற்றம் நடந்திருந்தால் போலீசும் அன்றே.

அடுத்தது முதியவரின் விருப்பம். தெளிவாக முடிவெடுக்கக்கூடியவர், எல்லாம் புரிந்து, "வேண்டாம் தம்பி, அவன் என் பிள்ளை" என்றால் என்ன செய்வது? புதியவர்களை மிகவும் குழப்பும் இடம் இது. சட்டம் கட்டாயப்படுத்தாத ஊரில், வேறு யாருக்கும் ஆபத்து இல்லாத நிலையில், அவர் முடிவை மதிக்கத்தான் வேண்டும், உங்களுக்கு எவ்வளவு கசந்தாலும். ஆனால் மதிப்பது என்றால் கையைக் கழுவுவது இல்லை. ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்தப் பக்கத்து வீட்டுக்குப் போவது, முக்கியமான காகிதங்களும் மாத்திரைகளும் எங்கே இருக்கும் என்று அவரோடு பேசித் திட்டம் போடுங்கள். உதவி எண்ணை வேறு எதற்கோ கொடுத்த சீட்டில் எழுதிக் கொடுங்கள். சீக்கிரமே திரும்பி வரும்படி தேதி கொடுங்கள்.

முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பதைப் பொத்தாம்பொதுவாகப் பார்க்காதீர்கள். பணக் கணக்கு போட முடியாதவரும் "நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று தெளிவாக முடிவெடுக்கலாம். திறன் இல்லை என்று உறுதியானால் அவர் நலன் கருதிச் செயல்பட வேண்டும். அப்போது சட்டப்படி காப்பாளராக இருப்பவரே சந்தேகத்துக்குரியவர் என்றால் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

யாரிடம், எப்படிச் சொல்வது

விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவப் பணியாளர்கள் புகார் செய்தே ஆக வேண்டும், முதியவர் வேண்டாம் என்றாலும். வேறு பல இடங்களில் அது கடமையாக இல்லை. ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள்: இங்கே சட்டக் கடமை உண்டா, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், எந்த அலுவலகம், எந்த எண்? சீனியரிடம் சொன்னதோடு கடமை முடிந்துவிடும் என்று எல்லா இடத்திலும் இல்லை. சில சட்டங்களில் பார்த்தவரே சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் பிறகு தவறாகிவிட்டாலும் புகார் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு தருவதுதான் இப்படிப்பட்ட சட்டங்களின் வழக்கம். இருந்தாலும் உங்கள் இடத்துச் சட்டத்தில் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசும்போது கேஸ் ஷீட் கையில் இருக்கட்டும். முதியவரின் பெயர், வயது, இப்போது எங்கே இருக்கிறார், என்ன பார்த்தீர்கள், அவர் என்ன சொன்னார், சந்தேகத்துக்குரியவர் யார், அவர் இப்போது அருகில் இருக்கிறாரா, உடனடி ஆபத்து உண்டா, முதியவருக்கு முடிவெடுக்கும் திறன் எப்படி, புகார் கொடுப்பது அவருக்குத் தெரியுமா, இவ்வளவும் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தேவைக்கு மேல் நோய் விவரங்களைக் கொட்ட வேண்டாம். பேசியவர் பெயர், நேரம், புகார் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துப் புகார் பின்னாலேயே போக வேண்டியிருக்கும்.

சந்தேகம் உங்கள் வார்டு ஊழியர் மீதே வந்தால்? அழைப்பு மணியை எட்டாத தூரத்தில் தள்ளி வைப்பது, கத்திப் பேசுவது, ஈரத் துணியோடு மணிக்கணக்கில் விடுவது எல்லாம் "இங்கே அப்படித்தான்" என்று பழகிப்போயிருக்கும். முதியோர் இல்லங்கள், நீண்டகாலப் பராமரிப்பு நிலையங்கள் போன்ற இடங்களில் ஊழியர்களிடமே கேட்டபோது மூன்றில் இருவர், கடந்த ஓராண்டில் தாங்கள் ஏதோ ஒரு விதத்தில் தவறாக நடந்துகொண்டதை ஒப்புக்கொண்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கேயும் முறை அதேதான்: தேதியோடு எழுதுங்கள், மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். அவர் மூடி மறைத்தால் வெளியில் உள்ள கண்காணிப்பு அமைப்புக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சங்கத்திடமோ நம்பகமான சீனியரிடமோ முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

புகார் கொடுத்தபின் என்ன நடந்தது என்று பெரும்பாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ரகசியம் காக்க வேண்டிய விஷயம் என்பதால் அப்படி. அடுத்த வருகைத் தேதியை மட்டும் உங்கள் டைரியில் எழுதி வையுங்கள். அன்று வரவில்லை என்றால் போன் போடுங்கள். போனைக் கூட இருப்பவரே எடுத்து "நல்லா இருக்காங்க" என்றால் "மாத்திரை பற்றி அவரிடமே ஒரு வார்த்தை பேசணும்" என்று கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், புகார் எண்ணைச் சொல்லி அதே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். வந்தாலோ, போன தடவை மறுத்தவராக இருந்தாலும் மறுபடி தனியாக உட்கார வைத்து அதே கேள்விகளைக் கேளுங்கள்.